ஏழு மணி நேரத் திருகோணமலை

உல்லாசக் கப்பல் விளம்பரங்களில் 'கரையில் ஒரு நாள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, காலையில் குளித்து முடித்து நிதானமாக இறங்கலாம், இரவு நிலா வெளிச்சத்தில் திரும்பலாம் என்று நீங்கள் மனக்கோட்டை கட்டினால், அது உங்கள் தப்பு. வரிசையில் நின்று, பாஸ்போர்ட்டைக் காட்டி, கரையில் கால் வைப்பதற்குள் மணி எட்டரை ஆகிவிடும். மாலை மூன்றரைக்கெல்லாம் திரும்பி வந்து மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. ஆக, ஒரு நாள் என்பது ஏழு மணி நேரம். எங்களுக்குத் திருகோணமலையில் கிடைத்ததும் அவ்வளவுதான்.

'எங்களுக்கு' என்றால் எனக்கும் என் அத்தைக்கும். அத்தைக்கு வயது அறுபத்தெட்டு. ஊர் தம்மம்பட்டி. சேலம் ஜில்லாவில், ஆத்தூருக்குத் தெற்கே, கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே இருக்கிறது. கோவில் வாகனங்களும், தேர்ச் சிற்பங்களும், வாசற்கதவுகளும் செதுக்குகிறவர்கள் நிறைந்த ஊர். அங்கே செதுக்கும் மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் உளிச் சத்தம் காதில் விழும். கடல் சத்தத்துக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லை. அத்தை கடலைப் பார்த்ததெல்லாம் இரண்டு தடவைதான். ஒரு முறை மாமாவின் அஸ்தியோடு இராமேசுவரத்தில். ஒரு முறை மெரினாவை பஸ் ஜன்னல் வழியாக.

இப்படிப்பட்டவளைக் கப்பலில் ஏற்றியது அவளுடைய பிள்ளை. பெங்களூரில் வேலை. 2023 ஜூன் 5-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு உல்லாசக் கப்பல் புறப்பட்டதையும், மத்திய மந்திரி சர்பானந்த சோனோவால் வந்து கொடியசைத்ததையும் பத்திரிகைகளில் நீங்கள் படித்திருப்பீர்கள். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைகள், ஐந்து இரவுகள். தானும் மனைவியும் போவதற்காகச் சீட்டு வாங்கியவனுக்குக் கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை. "அம்மாவைக் கூட்டிக்கொண்டு நீ போய் வா" என்று என் தலையில் கட்டிவிட்டான். கட்டினான் என்று சொன்னேனே தவிர, எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

அத்தைக்குப் பாஸ்போர்ட் எடுத்த கதை தனிக்கதை. விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், "பாட்டி, வெளிநாடு எதற்குப் போகிறீர்கள்?" என்று கேட்க, "எனக்கென்னப்பா தெரியும், எம் மகனைக் கேளு" என்றாளாம்.

ஆனால் பாஸ்போர்ட் கைக்கு வந்த மறுநாளே, எதற்குப் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

தம்மம்பட்டிப் பக்கத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரத்திலா என்று நீங்கள் ஆச்சரியப்படலாம். தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் முகாம்கள் இருக்கின்றன. 2021-ல் சட்டசபையில் சொன்ன கணக்குப்படி அவற்றில் இருந்தவர்கள் ஐம்பத்தெட்டாயிரத்துக்கும் மேல். 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று அரசாங்கம் மாற்றியதும் அந்த வருஷம்தான். அந்த முகாமில் இருந்து ஒரு பெண்மணி அத்தை வீட்டுக்கு வந்து போவாள். அத்தை அவளுக்குப் பெரியம்மா. அவள் அத்தைக்கு 'ஏம் புள்ளே'. திருகோணமலைக்காரி. 1990-ல், பதினோரு வயதில், தாயோடு காடு கடந்து மன்னார்க் கரைக்கு வந்து, மீன்பிடிப் படகில் இராமேசுவரம் சேர்ந்தவள். மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, அங்கிருந்து லாரியில் தம்மம்பட்டி.

அவளுடைய தாயார் அந்தச் சித்திரையில்தான் காலமானாள். முப்பத்தோராம் நாள் காரியத்தைப் பவானி கூடுதுறையில் செய்தார்கள். குறை ஒன்றும் வைக்கவில்லை. ஆனால் கிழவி கண்ணை மூடுமுன் கேட்டது கன்னியாவை.

கன்னியா என்பது திருகோணமலை நகரத்துக்கு வடமேற்கே ஏழெட்டுக் கிலோ மீட்டரில் உள்ள வெந்நீர் ஊற்று. ஒன்றல்ல, ஏழு. இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்ய வேண்டி வந்தபோது, தரையில் ஏழு இடங்களில் குத்தினான், ஏழு ஊற்று பிறந்தது என்பது புராணக் கதை. ஆகையால் அந்தப் பக்கத்துச் சைவர்கள் தாய் தகப்பனுக்கு அந்தியேட்டிக் காரியத்தை அங்கே செய்வது வழக்கம். அந்தக் கிழவியின் தாய்க்கும், பாட்டிக்கும் அங்கேதான் நடந்ததாம்.

"நானே போகலாமெண்டால் போகலாம் பெரியம்மா. அனுமதி எழுதிக் குடுத்தால் அனுப்பி வைப்பினம். ஆனால் போறதெண்டால் ஒரேயடியாய்ப் போறதுதான். என்ர பெட்டை இஞ்ச காலேஜில படிக்கிறாள். ஒரு நாள் போட்டு வாறதுக்கு எனக்கு வழியில்லை" என்று சொல்லி, ஒரு சின்னப் பித்தளைச் செம்பை அத்தையிடம் கொடுத்தாள். படகில் ஏறும்போது அவள் தாய் கையில் இருந்த பாத்திரம் அது ஒன்றுதான். "அம்மாவின்ர பேரைச் சொல்லி ஏழு கிணத்திலயும் ஒவ்வொரு செம்புத் தண்ணி அள்ளி ஊத்திவிடுங்கோ. அது போதும்."

அத்தை செம்பைப் புடவைக்குள் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தாள். மேலே புளியோதரைப் பொடி, எலுமிச்சங்காய் ஊறுகாய், ஒரு டப்பா முறுக்கு. கப்பலில் சோறு போட மாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள் போலும்.

கப்பலைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பதினோரு தளம், நீச்சல் குளம், பாட்டு, கூத்து எல்லாம் உண்டு. 'எம்ப்ரஸ்' என்று பெயர். 1990-ல் 'நோர்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரோடு அமெரிக்காப் பக்கம் ஓட ஆரம்பித்த கப்பல். அத்தையிடம் இதைச் சொன்னேன். "அந்தப் புள்ள வந்த வருசமா?" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

திருகோணமலையில் இறங்கினோம். இயற்கை வெட்டிக் கொடுத்த துறைமுகம் என்று பாடப் புத்தகத்தில் படித்தது வீண் புகழ்ச்சி அல்ல; மூன்று பக்கமும் மலை, நடுவே குளம்போல் கடல். இதற்காகத்தான் போர்த்துக்கீசியரும், டச்சுக்காரரும், பிரெஞ்சுக்காரரும், ஆங்கிலேயரும் மாறி மாறி அடித்துக்கொண்டார்கள். 1942 ஏப்ரல் 9-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டதும் இதற்காகவேதான்.

நாங்கள் சீட்டு எழுதியிருந்த பஸ்ஸின் நிகழ்ச்சி நிரலைப் படித்தேன். கோட்டை, கோணேசர் கோவில், கடை வீதி ஒரு மணி நேரம், நிலாவெளிக் கடற்கரை, சாப்பாடு. கன்னியா இல்லை. வழிகாட்டியைக் கேட்டதற்கு, "நேரம் இல்லை மேடம்" என்றார். அவர்மேல் குற்றமில்லை. நாற்பது பேரை மேய்க்க வேண்டியவர், இரண்டு பேருக்காக வண்டியைத் திருப்ப முடியுமா?

கோட்டைவரை பஸ்ஸில் போனோம். பிரெட்ரிக் கோட்டை என்று 1803-ல் ஆங்கிலேயர் வைத்த பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது. வாயிலைத் தாண்டினால் புள்ளிமான்கள்! கட்டிப் போடவில்லை, கூண்டில்லை. நம் ஊரில் ஆடு மேய்வதுபோல் நடமாடுகின்றன. ஒன்று அத்தையின் முந்தானையை மோந்து பார்த்தது. முறுக்கு வாசனை தெரிந்திருக்கும்.

கோட்டைக்குள் மேடேறிப் போனால் சுவாமிமலைப் பாறையின் உச்சியில் கோணேசர் கோவில். பழைய கோவிலைப் போர்த்துக்கீசியர் 1620-களில் இடித்து, கல்லையெல்லாம் எடுத்துக் கோட்டை கட்டினார்கள். மிச்சம் கடலுக்குள் போயிற்று. 1950-ல் நகரத்தில் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து பஞ்சலோக விக்கிரகங்கள் கிடைத்தன. 1956-ல் விஞ்ஞானக் கதைகள் எழுதும் ஆர்தர் கிளார்க்கும் அவர் சிநேகிதர் மைக் வில்சனும் பாறையின் அடிவாரத்தில் முக்குளித்து, செதுக்கிய தூண்களையும் கற்களையும் கண்டார்கள். இப்போதிருக்கும் கோவிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1963-ல். முந்நூறு வருஷத்துக்கு மேல் கோவில் இல்லாமலே அந்த மக்கள் பாறையைக் கும்பிட்டு வந்திருக்கிறார்கள்! கடலைப் பார்த்து நின்று தேங்காயும் பூவும் போடுவார்களாம்.

இது பாடல் பெற்ற ஸ்தலம். ஆனால் பாடிய ஞானசம்பந்தர் இங்கே வரவில்லை. கடல் கடக்காமல், இராமேசுவரத்தில் நின்றபடியே கோணேசரைப் பாடினார் என்பது ஐதீகம். அத்தையிடம் சொன்னபோது, "அவருக்கும் வர வழியில்லையாக்கும்" என்று சொல்லிக் கற்பூரத்தை ஏற்றினாள்.

பாறையின் விளிம்பில் 'இராவணன் வெட்டு' என்ற பிளவு. நானூறு அடி கீழே கடல். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, உடனே திரும்பிவிட்டேன். பக்கத்திலேயே ஒரு மரம் நிறையச் சின்னச் சின்ன மரத்தொட்டில்கள். பிள்ளை வரம் கேட்டு வந்தவர்கள் கட்டியவை. தொட்டில் என்றதும் தம்மம்பட்டிக்காரிக்குக் கண் அகன்றுவிட்டது. ஒன்றைத் தொட்டு, திருப்பி, கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள். "மரம் தேவலை. இழைப்புச் சுத்தமில்லை. எங்கூருப் பையன் ஒருத்தன் வந்து உக்காந்தா..." என்று இழுத்தாள். தரிசனத்தைவிட இதற்குக் கூடுதல் நேரம் ஆயிற்று என்பது உண்மை.

மணி பத்தரை. பஸ் கடைவீதிக்குப் புறப்பட்டது. வழிகாட்டியிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, நாங்கள் கோட்டை வாசலில் இருந்த ஆட்டோவில் ஏறினோம். அங்கே அதைத் திறீவீலர் என்கிறார்கள்.

வண்டிக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். "எங்கயிருந்து வாறீங்கள் அம்மா?" என்றார்.

"சேலத்துக்குப் பக்கம், தம்மம்பட்டி."

"சேலமோ? நான் மண்டபத்தில் ரெண்டு வருஷம் இருந்தனான். பிறகு திரும்பிட்டன்." சற்று நேரம் பேசாமல் ஓட்டினார். "கன்னியாவுக்கு என்னத்துக்கு, குளிக்கவோ?"

அத்தை செம்பை எடுத்துக் காட்டினாள். விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டது ஒரே கேள்வி. "எந்தத் தெரு ஆக்கள்?" அத்தைக்குத் தெரியவில்லை. கேட்டு வராமல் போனோமே என்று அவள் அதற்காக வழியெல்லாம் நொந்துகொண்டாள்.

கன்னியாவைப் பற்றிப் பெரிதாகக் கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். நுழைவுச் சீட்டு வாங்கி, சிறிது நடந்தால், சதுரமான ஏழு கிணறுகள். கிணறு என்று சொல்வதுகூட அதிகம். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி அளவுதான். இரண்டு மூன்று முழ ஆழம். அடித்தரை தெரிகிறது. இறங்கிக் குளிக்க முடியாது. வாளியால் அள்ளி மேலே ஊற்றிக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு அதிசயம்: அடுத்தடுத்து இருக்கும் கிணறுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. ஒன்றில் கை வைத்தால் இதமாக இருக்கிறது. அடுத்ததில் விரலைச் சட்டென்று எடுக்க வேண்டியிருக்கிறது. பூமிக்குள் ஆழத்தில் இறங்கும் மழைத் தண்ணீர் அங்குள்ள சூட்டை வாங்கிக்கொண்டு பாறை வெடிப்புகள் வழியாக மேலே வருகிறது என்று சாஸ்திரக்காரர்கள் சொல்கிறார்கள்.

அன்றைக்கு நல்ல கூட்டம். சிங்களக் குடும்பங்கள், முஸ்லிம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், தலையில் துண்டு கட்டிய வெள்ளைக்காரர் இருவர். எல்லோரும் வாளியும் கையுமாகச் சிரித்துக் குளித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கும்மாளத்துக்கு நடுவே போய் எப்படி ஒரு சாவுக் காரியத்தைச் செய்வது? எனக்குக் கூச்சமாகிவிட்டது.

அத்தைக்குக் கூச்சம் இல்லை. செருப்பைக் கழற்றினாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். முதல் கிணற்றருகே குந்தி, ஒரு செம்பு அள்ளி, அந்தத் தாயின் பெயரைச் சொல்லித் தரையில் ஊற்றினாள். நான் எதுவும் கேட்கவில்லை. வண்டிக்காரர் மட்டும் கைகட்டி நின்றார். இரண்டாவது கிணறு. மூன்றாவதில் ஒரு சிங்கள அம்மாள் வாளியோடு நின்றாள். அத்தையின் செம்பையும் முகத்தையும் பார்த்தாள். என்ன புரிந்துகொண்டாளோ, தன் பிள்ளைகளை அதட்டி விலக்கி வழிவிட்டாள். ஏழாவது கிணற்றில் ஊற்றி முடித்து எழுந்திருக்க அத்தைக்கு முட்டி பிடித்துக்கொண்டது. அந்த அம்மாள்தான் கை கொடுத்துத் தூக்கினாள். இவள் பாஷை அவளுக்குத் தெரியாது. அவள் பாஷை இவளுக்குத் தெரியாது.

கடைசியில் அத்தை ஏழு கிணற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் அள்ளிச் செம்பை நிரப்பி, கைக்குட்டையால் வாய் கட்டினாள். "கொண்டுபோய்க் குடுக்கணும்."

மணி பன்னிரண்டு. கடற்கரைக்கு வந்துவிட்டுக் கடலில் கால் நனைக்காமல் திரும்பினால் பத்திரிகை ஆபீசில் என்னை நம்ப மாட்டார்கள். நிலாவெளி பதினைந்து கிலோ மீட்டர். அதற்கெதிரே புறாத்தீவு, பவளப் பாறைகள், மீன் கூட்டம் என்று எல்லோரும் ஆசை காட்டுகிறார்கள். உங்களுக்கு முழுநாள் இருந்தால் அங்கே போங்கள். எங்களுக்கு உப்புவெளி போதும் என்று வண்டிக்காரர் தீர்ப்புச் சொன்னார். நகரத்துக்குப் பக்கம், திரும்புவது சுலபம்.

உப்புவெளியில் கடல் மெரினாக் கடல்போல் உறுமுவதில்லை. சித்திரை முதல் புரட்டாசிவரை அந்தக் கிழக்குக் கரையில் கடல் படுத்துக் கிடக்கும். அதுதான் அங்கே பயணிகளுக்குச் சீசன். மணல் வெள்ளை, தண்ணீர் பச்சை, வெகு தூரம்வரை முழங்கால் ஆழம். ஓட்டல்களின் ஓலைக் குடைகளுக்குக் கீழே வெள்ளைக்காரர்கள் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கரையையும் 2004 டிசம்பரில் சுனாமி விட்டுவைக்கவில்லை என்பதை இன்று பார்த்தால் நம்ப முடியாது.

அத்தை புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றாள். பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று. கூப்பிட்டேன். "இரு கண்ணு. இந்தத் தண்ணிதானே அந்தப் பக்கம் வரைக்கும் போவுது?" என்றாள்.

ஒரு சின்னக் கடையில் இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டோம். சொதி என்பது தேங்காய்ப்பால் விட்ட மெல்லிய குழம்பு. மஞ்சளும் பச்சை மிளகாயும் மணக்கிறது, புளி அதிகமில்லை. அத்தை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு, கடைக்காரப் பெண்ணிடம் செய்முறையைக் கேட்க ஆரம்பித்தாள். தேங்காய்ப் பாலைக் கடைசியில் விடுவதா, கொதிக்க விடுவதா என்ற விசாரணை முடிவதற்குள் மணி இரண்டேகால். (கடைசியில் விட வேண்டும், கொதிக்க விடக்கூடாது, இறக்கி எலுமிச்சை பிழிய வேண்டும். குறித்துக்கொள்ளுங்கள்.)

பிறகுதான் ஓட்டம். வழியில் ஏதோ ஊர்வலம், பாதை அடைத்துவிட்டார்கள். வண்டிக்காரர் சந்து சந்தாக நுழைத்து ஓட்டினார். ஒவ்வொரு குலுக்கலிலும் செம்பிலிருந்து தண்ணீர் சிந்தி அத்தையின் மடியை நனைத்தது. "மெதுவாய்ப் போங்கள்" என்று அத்தை. "சீக்கிரம் போங்கள்" என்று நான். இலங்கை மணியும் நம் மணியும் ஒன்றுதான். கடிகாரத்தைத் திருத்தி வைக்க வேண்டாம் என்பது ஒரு சௌகரியம். ஆனால் அன்றைக்கு அது இன்னும் அரைமணி பின்தங்கியிருக்கக் கூடாதா என்று நான் பிரார்த்தித்தேன். மூன்று இருபத்தைந்துக்கு வாசலில் இறங்கினோம். கூலியை வாங்கிக்கொண்ட வண்டிக்காரர், சொன்னதில் பாதியைத் திருப்பி அத்தை கையில் வைத்தார். "அந்தப் பிள்ளையிட்டச் சொல்லுங்கோ, காரியம் குறையில்லாமல் நடந்ததெண்டு. நான் பாத்தனான்."

அன்று இரவு மேல் தளத்தில் வாணவேடிக்கை மாதிரி விளக்குப் போட்டு ஆட்டம் நடந்தது. அத்தை அறையில் உட்கார்ந்து, செம்பில் மிஞ்சியிருந்த தண்ணீரைக் காலி மருந்து சீசாவில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கால் சீசாகூட இல்லை.

தம்மம்பட்டிக்கு அத்தையைக் கொண்டுபோய் விட நானே போனேன். நாங்கள் வந்த சேதி எப்படித் தெரிந்ததோ, சாயங்காலமே அந்தப் பெண் வந்துவிட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. சீசாவை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். செம்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"தண்ணி சுட்டுதோ பெரியம்மா?"

"சுடாமே என்ன? நாலாவது கிணத்திலே கையே வெக்க முடியல."

"நாலாவதோ? அஞ்சாவதுதான் கூடச் சூடெண்டு அம்மா சொல்லுவா."

"நான் ஏழுலயும் கை விட்டுப் பாத்தவ. நாலாவதுதான்."

"நீங்கள் எந்தப் பக்கத்திலயிருந்து எண்ணினீங்கள்?"

அத்தை யோசித்தாள். பிறகு இருவரும் திண்ணையில் இருந்த ஒரு கரித்துண்டை எடுத்துத் தரையில் ஏழு கட்டம் போட்டு, வாசல் எந்தப் பக்கம், பிள்ளையார் எந்தப் பக்கம் என்று எண்ண ஆரம்பித்தார்கள். எனக்குச் சேலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் புறப்படும்போது அவர்கள் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.